பாதி கார், பாதி வண்டி!

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போக ஒரு கார் வேண்டும். திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போக ஒரு வண்டி வேண்டும். இரண்டையும் வாங்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

இப்படிக் கேட்டவர் ஒரு விவசாயியின் மனைவி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவர். ஆண்டு 1932. அவர் கேட்டது பக்கத்து வீட்டுக்காரரிடம் அல்ல. போர்டு மோட்டார் கம்பெனிக்கே கடிதம் எழுதிவிட்டார்!

அது உலகம் முழுவதும் பணமுடை தலைவிரித்தாடிய காலம். கார் வாங்கக் கடன் கேட்டால் பாங்கில் கையை விரித்தார்கள். சரக்கு வண்டி என்றால் கடன் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சரக்கு வண்டியில் குடும்பத்தோடு போக முடியாது. மழை பெய்தால் நனைய வேண்டும். வெயில் அடித்தால் காய வேண்டும். அதனால்தான் அந்த அம்மாள் இரண்டும் ஒன்றாக இருக்கும்படி ஒரு வண்டி செய்து தரச் சொன்னார்.

உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயிக்கும் இதே தொல்லைதான். அங்கே பன்றி; இங்கே நெல் மூட்டை. அங்கே மாதா கோவில். இங்கே சுமார் 30 கிலோ மீட்டர் தூரத்தில் காஞ்சீபுரத்தில் ஒரு கலியாணம். மூட்டைக்கு ஒரு வண்டி, கலியாணத்துக்கு ஒரு கார் என்று எத்தனை பேர் வாங்க முடியும்?

இப்போது மூட்டை ஏற்றக் "குட்டி யானை" இருக்கிறது. டாட்டா கம்பெனி 2005-ல் கொண்டுவந்த "ஏஸ்" வண்டிக்குத் தமிழ்நாட்டு மக்கள் வைத்த செல்லப் பெயர் அது. அதற்கு முன்னால் அந்த மாதிரிச் சிறிய வண்டி சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால் பலருடைய கண் பழைய கார் மீது விழுந்தது. "முன்பாதி காராகவே இருக்கட்டும். பின்பாதியை வெட்டிவிட்டுத் தொட்டி கட்டினால் என்ன?" இந்த யோசனை உலகத்தில் பல ஊர்களில் பல பேருக்குத் தோன்றியிருக்கிறது.

கரும்பலகையில் ஒரு வண்டி

ஆஸ்திரேலியக் கடிதம் என்ன ஆயிற்று?

ஜீலாங் என்ற ஊரில் போர்டு தொழிற்சாலை இருந்தது. அங்கே லூ பாண்ட் என்ற இளைஞர் வரைபட வேலை பார்த்தார். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்றுதான் இருக்கும். கடிதத்தில் கேட்டிருந்த வண்டியை வரையும்படி அவரிடம் சொன்னார்கள். அவர் பெரிய கரும்பலகையில் வண்டியை முழு அளவில் வரைந்து காட்டினார்.

முன்பாதி, கார். கண்ணாடி ஏற்றி இறக்கும் கதவு, மெத்தை, மேலே கூரை. பின்பாதி, சரக்குத் தொட்டி. காரின் பக்கத் தகடு அப்படியே நீண்டு தொட்டியின் பக்கத் தகடாக ஓடியது. பார்த்தால் ஒரே வண்டி; ஒட்டுப் போட்டது போலத் தெரியாது.

1934-ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியர் அதற்கு "யூட்" என்று பெயர் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்த நாட்டுக் கிராமங்களில் யூட் ஓடாத தெரு இல்லை. தன் பெயரை நிலைநாட்டிய அந்த 1934 மாடல் வண்டி ஒன்றை பாண்ட் பிற்காலத்தில் புதுப்பித்து ஓட்டினார். 1987-ல் அதை ஓட்டிப் போகும்போதே விபத்தில் சிக்கி இறந்தார்.

அமெரிக்காவில் இதற்கு முன்பே விவசாயிகள் போர்டு "டி" மாடல் காரின் பின்புறத்தைத் தாங்களே கழற்றிவிட்டு, பெட்டி கட்டிக்கொண்டார்கள். கம்பெனி அதைக் கவனித்தது. 1925-ல் தொட்டியோடு கூடிய "டி" மாடலைத் தானே விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். தொழிற்சாலையிலிருந்தே வந்த பிக்கப் என்று அதைச் சொல்கிறார்கள். பட்டறைக்காரன் மூளையில் உதித்ததை முதலாளி பிறகு விலை போட்டு விற்றார்!

சுவீடனில் கதை வேறு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே டிராக்டர் கிடைக்கவில்லை. பழைய கார்களை வெட்டி டிராக்டர் ஆக்கினார்கள். "ஈபா" என்ற மலிவு விலைக் கடையின் பெயரையே கேலியாக அதற்கு வைத்தார்கள். அரசாங்கம் தடுக்கவில்லை; 1940-ல் அதற்கென்று விதி செய்தது. அந்த வழியில் வந்த வண்டிகளை இன்றைக்கும் கிராமத்துப் பிள்ளைகள் 15 வயதிலேயே ஓட்டுகிறார்கள். வேகம் மணிக்கு 30 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இத்தனை காலம் விட்டுவிட்டு, 2023-ல்தான் "ஆளுக்கு ஓர் இருக்கை, கட்டாயம் பெல்ட்" என்று சொன்னார்கள்.

பெருங்களத்தூர்க் கார்

வெளிநாட்டுக் கதை போதும். செங்கற்பட்டுச் சீமையிலேயே இந்த வேலைக்கு வாகான ஒரு கார் தயாராகி வந்தது.

சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் "ஸ்டாண்டர்டு" மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அந்த ஊரும் உத்திரமேரூரும் அப்போது ஒரே செங்கற்பட்டு ஜில்லா. 1961-ல் அங்கிருந்து "ஹெரால்டு" கார் வெளிவந்தது. இரண்டு கதவு; சின்ன உடம்பு. டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையாக வாங்கினார்கள்.

இந்தக் காரின் கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. அங்கே ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் தகடு செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர வேறு ஆள் இல்லை. அதனால் காரின் உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, சின்னச் சின்னத் தொழிற்சாலைகளில் செய்து, எல்லாவற்றையும் போல்ட்டு நட்டு போட்டுச் சேர்த்தார்கள். கூரையைக் கழற்றலாம். பின்பாதியைக் கழற்றலாம். முன்மூடியோ, மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாய் போல முன்பக்கமாகத் திறக்கும். போட்டிக்காரன் செய்த கெடுதலில் பிறந்த அமைப்பு, பிற்காலத்துப் பட்டறைக்காரர்களுக்கு வரமாகிவிட்டது!

கட்டை வண்டியும் முட்டை ஓடும்

கழற்ற முடிந்தால் மட்டும் போதுமா? வண்டியின் பாரத்தை எது தாங்குகிறது என்று தெரிய வேண்டும். இதுதான் இந்தத் தொழிலில் உயிர்நாடி.

கட்டை வண்டியைப் பாருங்கள். அடியில் நீளவாட்டத்தில் பலமான மரங்கள் ஓடுகின்றன. பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான். மேலே கட்டுகிற கூண்டு நிழலுக்குத்தான். கூண்டைப் பிரித்துவிட்டாலும் வண்டி ஓடும். ஹெரால்டு கார் இந்த ஜாதி. அடியில் "சேசிஸ்" என்ற இரும்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

இன்னொரு ஜாதி, முட்டை ஓடு போன்றது. முட்டைக்குள் எலும்பு இல்லை. ஓடுதான் பலம். ஓட்டில் ஒரு பக்கத்தை உடைத்தால் மீதியும் நொறுங்கும். 1957-ல் வந்து 2014 வரை தயாரான அம்பாசிடர் கார் இந்த வகை. அதன் தரை, கூரை, தூண், பக்கத் தகடு எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. "எருமை மாதிரிப் பலமான வண்டி" என்று நம்பி அதன் பின்பாதியை வெட்டினால், பலத்தையும் சேர்த்து வெட்டியதாகும். அடியில் புதிதாகச் சட்டம் கொடுக்காமல் தொட்டி கட்டினால், சில மாதத்தில் முதுகு வளையும். அதற்கு முதல் அடையாளம் எது தெரியுமா? கதவு சரியாக மூடாது!

வெட்டும் முறை

கைதேர்ந்த டிங்கர் எடுத்த எடுப்பில் வெட்டமாட்டார். முதல் வேலை பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வைப்பது. பல கார்களில் டாங்கு பின்பக்கம்தான் இருக்கும். காலி டாங்குதானே என்று நினைக்கக் கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடுத்து, கதவைத் திறந்தால் தெரிகிற இடைவெளியில் ஆங்கிள் இரும்பைக் குறுக்காகப் பற்றவைப்பார். வெட்டும்போது உடல் விரியாமல் இருக்க இது ஒரு கட்டு. எலும்பு முறிந்தவனுக்கு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது போலத்தான். வேலை முழுவதும் முடிந்த பிறகே இதை எடுப்பார்.

பிறகு முன்கதவுக்குப் பின்னால் கூரையை வெட்டுவார். அங்கே கேபினுக்கு ஒரு முதுகுச் சுவர் வேண்டும். அதற்குத் தனியாகத் தகடு அடிக்க வேண்டியதில்லை. காரின் பின்பக்கக் கண்ணாடியும் அதைச் சுற்றியுள்ள கூரை வளைவும் வெட்டிய பாதியில் இருக்கின்றனவே! அந்தத் துண்டை அப்படியே முன்னால் நகர்த்தி, சீட்டுக்குப் பின்னால் பொருத்திப் பற்றவைப்பார். வளைவோடு வளைவு சேர்ந்துவிட்டால், கேபின் அப்படியே தொழிற்சாலையில் செய்தது போல இருக்கும். நல்ல கைகாரர் யார், அரைகுறை யார் என்பது இந்த இணைப்பில் தெரிந்துவிடும். அரைகுறை ஆசாமி பட்டி பூசி மறைப்பார். மழைக்காலத்தில் அந்த இடத்தில் துரு பூத்து, டிரைவர் கழுத்தில் தண்ணீர் சொட்டும்.

இரண்டு கதவுக் காரில் கதவு அகலம். ஆள் ஏறி இறங்க வசதி. நான்கு கதவுக் காரில் முன்கதவு குட்டை. அதை வைத்துக் கேபின் கட்டினால் சீட்டை ஓர் அங்குலம்கூடப் பின்னால் தள்ள முடியாது. நெட்டையான டிரைவர் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

சட்டத்தின் மேல் கேபினை உட்காரவைக்கும்போது நடுவில் ரப்பர் கட்டை வைப்பார்கள். மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். இரும்போடு இரும்பாகப் பற்றவைத்துவிட்டால், அந்த முறுக்கு கேபினுக்கு ஏறி, தூண் ஓரத்தில் விரிசல் விடும். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலும் விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி விடுவது இதனால்தான். பாண்ட் வரைந்த யூட் வண்டியில் அந்த இடைவெளி இல்லை. பக்கத் தகடு ஒன்றாக ஓடியது. அதைச் செய்யத் தொழிற்சாலையின் கணக்கும் அச்சும் வேண்டும். மரத்தடிப் பட்டறையில் அந்த அழகுக்கு ஆசைப்படுவது ஆபத்து.

பாரம் எங்கே?

மாட்டு வண்டி ஓட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். மோட்டார் வண்டியிலும் அதேதான். பாரத்தின் நடு இடம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். தொட்டியைப் பின்னால் நீட்டி நீட்டிக் கட்டினால், முன்சக்கரம் ரோட்டில் அழுந்தாது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிடும். ஓட்டுகிறவருக்கு அது முதலில் சுகமாகத் தோன்றும். திருப்பத்தில்தான் வினை. அவர் திருப்புவார், வண்டி நேராகப் போகும்!

ஹெரால்டிலும் ஒரு பலவீனம் உண்டு. அதன் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே முழு அச்சில் இல்லை. பறவையின் இறக்கை போலத் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். பாரம் ஏற ஏறச் சக்கரங்களின் மேல்புறம் உள்ளே சாயும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். என்ஜினும் சிறியது, ஆரம்பத்தில் 948 சி.சி.தான். நாலு மூட்டைக்குச் சரி. பத்து மூட்டை ஏற்றினால் வண்டி அழும். 1970-களில் இதே கம்பெனி செய்த "கெசல்" காரில் பின்பக்கம் முழு அச்சு போட்டார்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் பலப்படுத்தி, பிரேக்கை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. பாரம் தாங்கும், நிற்காது. பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதையும் இறக்கிவைக்க வேண்டும்.

பாடி கட்டும் ஊர்கள்

காரை வெட்டுவது எங்கோ சிலர் செய்தது. ஆனால் கேபின் கட்டுவது தமிழ்நாட்டில் பெரிய தொழில். திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரி என்றால் லாரி பாடி. கரூர் என்றால் பஸ் பாடி.

லாரிக் கம்பெனிகள் பல காலம் முழு லாரியை விற்கவில்லை. என்ஜின், முன்மூடி, ஸ்டியரிங், சக்கரம் ஆகியவற்றோடு மொட்டைச் சேசிஸாக விற்றன. ஜாம்ஷெட்பூரில் டாட்டா வண்டியை வாங்கியவர், ஆயிரத்து ஐந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் அதை அப்படியே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கதவு இல்லை. கூரை இல்லை. உட்காரத் தற்காலிகமாக ஒரு மரப் பலகை. கண்ணில் தூசிக் கண்ணாடி, தலையில் துண்டு. வெயிலும் மழையும் நேராக மேலே விழும். எண்ணூர் அசோக் லேலண்டில் வாங்கியவர் பாடு கொஞ்சம் தேவலை, தூரம் குறைவு.

ஊருக்கு வந்ததும் தச்சர், கொல்லர், டிங்கர், பெயிண்டர், மெத்தை தைப்பவர் எல்லோரும் சேர்ந்து வேலையில் இறங்குவார்கள். மரச் சட்டம், மேலே தகடு. சீட்டுக்குப் பின்னால் கிளீனர் படுக்க ஒரு பலகை. கண்ணாடிக்கு மேலே சாமி படத்துக்கு ஒரு மாடம். மாதத்தில் முக்கால்வாசி நாள் அதில்தானே வாசம்! கட்டுகிறவர்களுக்கு அது தெரியும். வீடு கட்டுவது போலவே கட்டினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அழகாக இருந்த அந்த மரக் கேபின், மோதலில் டிரைவரைக் காப்பாற்றவில்லை. மரம் சிம்பு சிம்பாகப் பிளந்தது. கேபினின் பலத்துக்கும் பாதுகாப்புக்கும் இப்போது "ஏ.ஐ.எஸ். 093" என்ற தரவிதி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

உத்திரமேரூரில் ஒருவர் பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கிப் பிக்கப் ஆக்கி ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. கம்பெனி எப்படிச் செய்ததோ, ஆர்.சி. புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். கேஸ் கிட் பொருத்துவது, மாற்றுத் திறனாளிக்காகக் கைப்பிடி வைப்பது போன்றவற்றுக்கு, முறைப்படி அனுமதி பெற்றால் வழி உண்டு. காரை வெட்டித் தொட்டி கட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை.

அபராதத்தைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. வெட்டிய வண்டி ஒருவர் மேல் மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யும். நஷ்ட ஈடு சொந்தக்காரரின் தலையில் விழலாம். வண்டியை விற்று மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு? நிலமே போய்விடும்.

2021-ல் இன்னொரு விதி வந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட காரை, சேசிஸ், உடல், என்ஜின் எதையும் மாற்றாமல் வைத்திருந்தால், "பழம்பெரும் வாகனம்" என்று பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் ரூ.20,000. முதலில் வந்த ஹெரால்டு கார்களுக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். பெருங்களத்தூரில் கார் செய்த அந்தக் கம்பெனி 1988-ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே எங்காவது வைக்கோல்போர் ஓரத்தில் முழுசாக ஒரு ஹெரால்டு நின்றால், அதன் மேல் வெட்டுக்கருவியை வைக்க யாருக்கும் மனசு வரக் கூடாது. ஏற்கெனவே துருப்பிடித்துப் பாதியாகப் போனது என்றால் அது வேறு. அதன் முகத்தை வைத்து டீக்கடை வாசலில் கல்லாப் பெட்டி செய்கிறார்கள், சோபா செய்கிறார்கள். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டாம்!

தனக்குப் பிடித்தபடி வண்டி வேண்டும் என்பவருக்கு, முறையான வழி, பாடி கட்டுவதற்கென்றே விற்கிற சேசிஸை வாங்குவதுதான். அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பாடி கட்டி, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, பதிவு செய்து ஓட்டலாம். தொட்டியின் உயரம், கதவின் பூட்டு, சீட்டின் மெத்தை, பெயிண்டின் நிறம் எல்லாம் விதிக்கு உட்பட்டு அவர் இஷ்டம்.

டிரைவருக்குக் குளிர்ச்சி

கேபின் விஷயத்தில் கடைசியாக வந்த மாற்றம் டிரைவர்களுக்கு இனிப்பானது. 2025-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகிற, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். இதற்கான உத்தரவு 2023 டிசம்பரில் வந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரியில் ஜல்லி ஏற்றும் புது டிப்பர் லாரிக்கும் அது பொருந்தும். என்ஜின் சூடும் சித்திரை வெயிலும் சேர்ந்து வாட்டிய அந்தப் பெட்டிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு, தூசி இல்லாமல் டிரைவர் உட்காரப் போகிறார். குட்டி யானைக்கு இந்த விதி கிடையாது. அது மூன்றரை டன்னுக்கு உட்பட்ட வண்டி. அதன் டிரைவர் இன்னமும் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தில் துண்டோடுதான் போகிறார்.